அப்பாவுக்கு சென்னையில் முழங்கால் ஒப்பரேஷன்: சிக்கல் வந்தால் காசு தரும் காப்புறுதி எடுப்பதில் பயன் இருக்கிறதா?

வல்லைவெளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் லண்டனில் இருக்கிறேன், அப்பா அம்மா யாழ்ப்பாணத்தில். அப்பாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. கோயில் வீதியை ஒருக்கால் சுற்றி வருவதற்குள் மூன்று இடத்தில் குந்தி இருந்துதான் எழும்புகிறார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை வருத்தமும் இருக்கிறது, குளிசை போடுகிறார், இன்சுலின் இல்லை.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியோடு கதைத்து எஸ்டிமேட் எடுத்துவிட்டோம். இரண்டு காலையும் ஒரே நாளில் செய்வதாகவும், ஐந்து இரவு வார்டில் வைத்திருப்பதாகவும், இம்பிளாண்ட், பிசியோ எல்லாம் அதற்குள் அடக்கம் என்றும் எழுதித் தந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை, ஆகவே பயணம் பெரிய பிரச்சினை இல்லை.

இப்போது இடையில் நிற்கிற ஏஜென்ட் ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறார். ஒப்பரேஷனில் சிக்கல் வந்தால் அந்தச் செலவைக் கொடுக்கிற காப்புறுதியாம், ஒப்பரேஷன் செலவில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் கட்ட வேண்டும். எனக்கு இது உண்மையான சாமானா, அல்லது எஸ்டிமேட்டோடு ஒட்டி விற்கிற இன்னொரு கமிஷனா என்று விளங்கவில்லை. சாதாரண பயணக் காப்புறுதி (இங்கே ஹொலிடேக்குப் போகும்போது எடுப்போமே, அது) போதாதா? கண்ணை மூடிக்கொண்டு கட்டவும் விருப்பமில்லை, கட்டாமல் விட்டுப் பிறகு அம்மா தனியாக அங்கே நின்று முழிக்கவும் விருப்பமில்லை. யாராவது எடுத்து, கிளெய்ம் பண்ணிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

கோடம்பாக்கத்துக்காரன் எழுதியது:

சார், நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவன். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முதலில் பயணக் காப்பீடு. அதை மறந்துவிடுங்கள். ஊர் சுற்றப் போன இடத்தில் எதிர்பாராமல் நெஞ்சு வலி வந்தால் கொடுப்பதற்காக இருப்பது அது. சிகிச்சைக்காகவே போகிற பயணம் என்றால் அநேகமாக எல்லா பாலிசியிலும் விலக்கு போட்டிருப்பார்கள். சில நிறுவனம் மொத்தப் பயணத்தையே தள்ளிவிடும், பெட்டி தொலைந்தால்கூட கிடைக்காது.

அடுத்தது எஸ்டிமேட். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். "பேக்கேஜ்" என்றால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் செலவு, அவ்வளவுதான். உங்கள் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: கூடுதல் ஐசியு நாள், ரத்தம், விலை கூடிய ஆன்டிபயாட்டிக், இதய டாக்டர் வந்து பார்த்தால் அவர் ஃபீஸ், ஐந்து இரவு தாண்டினால் ரூம் வாடகை, எல்லாம் தனி. 71 வயது, சர்க்கரை, இரண்டு காலும் ஒரே நாளில் என்று போட்டிருக்கிறீர்கள். ஆறாவது நாள் காலையில் காய்ச்சல் அடித்தால் பேக்கேஜ் முடிந்தது, மீட்டர் ஓட ஆரம்பிக்கும். பில்லிங் கவுன்டரிலிருந்து ஒரு பையன் தினமும் பதினோரு மணிக்கு ரூமுக்கு வந்து இடைக்கால பில்லை நீட்டுவான். முன்பணம் தீர்ந்தால் இன்னும் கட்டச் சொல்லுவான். அந்த நேரத்தில் அம்மாக்கள் முகம் போகிற போக்கை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த நாட்களுக்குத்தான் நீங்கள் சொல்கிற காப்பீடு. இப்படி ஒரு சாமான் உண்மையிலேயே இருக்கிறது, ஏஜென்ட் கட்டிவிட்ட கதை இல்லை. ஆனால் ஏஜென்ட் கையில் கொடுக்கும் வழவழ காகிதம் பாலிசி ஆகாது. நோயாளி பெயர், பாஸ்போர்ட் எண், பாலிசி எண், அறுவைசிகிச்சை பெயர் போட்ட சான்றிதழும் முழு நிபந்தனைப் புத்தகமும் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே நேராக மெயில் போட்டு அந்த எண் செல்லுமா என்று கேளுங்கள். நிறுவனம் எந்த நாட்டில் பதிவு, அங்கே யாருடைய கண்காணிப்பில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, இதை ஆபரேஷனுக்கு முன்னால், பல இடங்களில் ஊரை விட்டுக் கிளம்புவதற்கே முன்னால் எடுத்திருக்க வேண்டும். படுக்கையில் இருந்துகொண்டு வாங்க முடியாது.

சில மருத்துவமனை "ஏதாவது ஆனால் நாங்களே மறுபடி செய்து தருகிறோம்" என்று சொல்லும். அது வேறு. பெரும்பாலும் சர்ஜன் ஃபீஸை மட்டும் விட்டுக்கொடுப்பார்கள். இம்பிளாண்ட், மருந்து, ரூம் எல்லாம் உங்கள் தலையில்தான்.

மாம்பழம்77 எழுதியது:

எதுக்கு இவ்வளவு சுற்றி வளைக்கணும்? இங்கே இந்தியாவில் அப்பா பேரில் ஒரு ஹெல்த் பாலிசி போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு ஆபரேஷன் பண்ணுங்க, வேலை முடிஞ்சுது.

கோடம்பாக்கத்துக்காரன் எழுதியது:

@மாம்பழம்77 முடியாதுங்க. ஒரு மாசம் என்பது புதிதாக வரும் நோய்க்கான பொதுக் காத்திருப்பு. தேய்மானத்துக்காக மூட்டு மாற்றுவதற்குத் தனியாக இரண்டு, மூன்று வருஷம் காத்திருக்க வைப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பை 2024-ல்தான் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. அப்பா இலங்கைக் குடிமகன் வேறு, மருத்துவ விசாவில் வருகிறவருக்கு யார் இங்கே பாலிசி கொடுப்பார்கள்?

ஹரோ_தாதி எழுதியது:

தம்பி, நான் இங்கே லண்டனில் தாதியாக வேலை செய்கிறேன். காப்புறுதி எடுப்பதா விடுவதா என்பதற்கு முன்னால் சிக்கல் எந்த நாளில், எந்த நாட்டில் வரும் என்று யோசியுங்கள். என் மச்சாளுக்கு நடந்ததைச் சொல்கிறேன், முழங்கால் இல்லை, ஆனால் விஷயம் ஒன்றுதான்.

அவ உடம்பு குறைக்கவென்று இஸ்தான்புல் போய் இரைப்பையை வெட்டிச் சுருக்கும் ஒப்பரேஷன் செய்தவ. இங்கே அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அங்கே ஹோட்டல், விமான நிலையக் கார் எல்லாம் சேர்த்து ஒரே விலை. காப்புறுதியும் அதற்குள்ளேயே இருந்தது, அதைக் காட்டித்தான் எங்கள் வாயை அடைத்தவ. ஐந்தாம் நாள் திரும்பி வந்தா, நன்றாகத்தான் இருந்தா. ஒன்பதாம் நாள் இரவு இடது தோளில் வலி, நெஞ்சு படபடப்பு, காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் கசிவு. நூறு பேருக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரக்கூடியது, வந்தால் பொல்லாதது. ஆம்புலன்சில்தான் கொண்டுபோனோம்.

பிறகு அந்தக் காப்புறுதிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் துருக்கி மொழியில் பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில் இரண்டு பக்கச் சுருக்கம். அந்தச் சுருக்கத்தில் இல்லாத ஒரு வரி உள்ளே இருந்தது: துருக்கிக்குள், ஒப்பரேஷன் செய்த அதே ஆஸ்பத்திரியில் பார்க்கும் சிகிச்சைக்கு மட்டும்தான் காசு. ஐசியுவில் மூக்கில் குழாயோடு கிடக்கிற ஆளை யார் விமானத்தில் ஏற்றுவது? ஒரு சதமும் வரவில்லை. அவசர சிகிச்சையை இங்கத்தைய அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இலவசமாகச் செய்ததால் தப்பினோம், ஆறு கிழமை ஆஸ்பத்திரி வாசம். அவவுடைய அம்மாவும் என் அண்ணாவும் மாறி மாறி வேலைக்கு லீவு போட்டதை யாரும் கணக்கில் எடுக்கப் போவதில்லை. 2019க்குப் பிறகு துருக்கிக்கு மருத்துவத்துக்காகப் போன 25க்கு மேற்பட்ட பிரித்தானியர்கள் இறந்திருக்கிறார்கள் என்று இங்கத்தைய வெளிநாட்டு அமைச்சே பயண அறிவுறுத்தலில் எழுதி வைத்திருந்தது, அதையெல்லாம் நாங்கள் பிறகுதான் வாசித்தோம்.

உங்கள் அப்பாவுக்கு இது இன்னும் சிக்கல். முழங்கால் மாற்றியதில் ரத்தக்கட்டி, நெஞ்சுப் பிரச்சினை என்றால் முதல் சில நாட்களில், கிழமைகளில் வரும், அப்போது அவர் சென்னையிலேயே இருப்பார். கிருமித் தொற்று அப்படி இல்லை. முதல் மாதத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்து ஊரில் இருக்கும்போது மெதுவாக வீங்கியும் வரலாம். வந்து ஆழமாக இறங்கிவிட்டால் அனேகமாகப் போட்ட இம்பிளாண்டைக் கழற்றி, மருந்து கலந்த சீமெந்துக் கட்டி ஒன்றை இடையில் வைத்து, ஆறு கிழமை அளவில் நரம்பு வழியாக மருந்து ஏற்றி, பிறகு இன்னொரு ஒப்பரேஷனில் புது இம்பிளாண்ட் போடுவார்கள். முதல் செலவை விட இது கூட. 30 நாள், 90 நாள் என்று போட்டிருக்கிற காப்புறுதி இதற்கு ஒன்றுக்கும் உதவாது. ஆகவே எத்தனை நாளைக்கு, யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்த்தாலும் தருவார்களா, திரும்பச் சென்னைக்குப் போக ரிக்கெட் போட்டுத் தருவார்களா, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

சர்க்கரையை மறைக்க வேண்டாம். "கொஞ்சம்தானே இருக்கு" என்று ஏஜென்ட் படிவத்தில் இல்லை என்று நிரப்பிவிடுவான், கிளெய்ம் நேரத்தில் அதை வைத்தே தள்ளுவார்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கிற எச்.பி.ஏ.1.சி. சோதனையை இப்போதே எடுத்து அனுப்புங்கள். டொக்டருக்கும் தேவை, காப்புறுதிக்கும் தேவை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் பிறகு தலையைப் பிய்க்க வைக்கும் விஷயம். இம்பிளாண்ட் பெட்டியில் பார்கோடும் லொட் இலக்கமும் அளவும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அதை ஒட்டித் தரச் சொல்லுங்கள், இரண்டு காலுக்கும் தனித்தனியாக. பின்னால் யாழ்ப்பாணத்தில் யாராவது அந்தக் காலைத் திறக்க வேண்டி வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரியும்.

தெல்லிப்பழையான் எழுதியது:

அண்ணை, நாங்கள் காப்புறுதி எடுக்காத ஆட்கள். அம்மாவுக்கு பைபாஸ், சென்னையில்தான், 2022 கடைசியில். ஒப்பரேஷன் திறமாக நடந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் நாள் நெஞ்சுக் காயம் பிரிந்து நீர் வடியத் தொடங்கியது, அவவுக்கும் சர்க்கரை. திரும்பச் சேர்த்து, காயத்துக்கு மேலே பஞ்சு வைத்து மெஷினால் உறிஞ்சுகிற கட்டு ஒன்று போட்டார்கள். மூன்று நாளுக்கு ஒருக்கால் மாற்றுவார்கள், ஒவ்வொரு தடவையும் தனி பில்.

நாங்கள் நினைத்ததை விட 23 நாள் கூட நின்றோம். ஆஸ்பத்திரிக் காசைவிட மற்றதுதான் உருவியது. வளசரவாக்கத்தில் எடுத்த வீட்டுக்கு வாடகை, ஓட்டோ, ரிக்கெட் மாற்றின காசு, தம்பி கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றது. விசாவும் ஒரு பக்கம். மருத்துவ இ-விசா 60 நாள், கூடப் போகிற இரண்டு பேருக்கும் அதே கணக்கு. நாள் முடிய முன்னம் ஆஸ்பத்திரிக் கடிதம் வைத்து வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் நீட்ட வேண்டும், அந்தக் கடிதத்துக்கே இரண்டு நாள் அலைந்தேன். தாதி அக்கா சொன்ன மாதிரி கழற்றிப் பூட்டுகிற கதை வந்தால் 60 நாள் எந்த மூலைக்கு?

ஆனால் காப்புறுதி இருந்திருந்தால் நல்லது என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் மாலைதீவுக்காரர் ஒருவர், அவருக்குக் காப்புறுதி இருந்தது. அவர்களும் முதலில் ஆஸ்பத்திரிக்கு முழுக் காசையும் தாங்கள்தான் கட்டினார்கள், பிறகு பில்லை அனுப்பி வாங்க வேண்டுமாம். கையில் காசு இல்லாதவனுக்கு அது என்ன உதவி? நான் என்றால் அந்தக் கட்டணக் காசோடு இன்னும் ஐந்து லட்சம் இந்திய ரூபாய் சேர்த்து, தொடாமல் ஒரு பக்கம் வைத்துவிட்டுப் போவேன். நீங்கள் லண்டனில் இருப்பதால் உடனே அனுப்பலாம், நாங்கள் இங்கேயிருந்து அனுப்பப் பட்ட பாடு தனிக்கதை.

கோடம்பாக்கத்துக்காரன் எழுதியது:

தெல்லிப்பழையார் சொன்னது முக்கியம். மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவார்களா, நீங்கள் கட்டிவிட்டு வாங்க வேண்டுமா என்பதை சான்றிதழ் வாங்கும்போதே கேளுங்கள். நேராகக் கட்டுவதென்றால் சிக்கல் வந்த 24 மணி நேரத்துக்குள்ளோ 48 மணி நேரத்துக்குள்ளோ அவர்கள் எண்ணுக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியுவுக்கு மாற்றினால் அம்மாவுக்கு அது ஞாபகம் வராது. நீங்கள் லண்டனிலிருந்து செய்யுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், நிறையப் பேர் கலந்துகொள்கிறார்கள். சிக்கல் என்பது வேறு, டாக்டரின் கவனக்குறைவு என்பது வேறு. எல்லாம் சரியாகச் செய்தும் தொற்று வரலாம், அதற்குக் கொடுப்பது நீங்கள் கேட்கிற காப்பீடு. கவனக்குறைவு என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்தாவுக்கு நிற்க முடியுமா, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதேபோல கால் முழுசாக மடங்கவில்லை, வலி முழுசாகப் போகவில்லை என்பதெல்லாம் இந்தக் காப்பீட்டில் சிக்கல் கணக்கில் வராது. பலன் திருப்தியில்லை என்பதற்கு யாரும் காசு தருவதில்லை.

ரெண்டு காலையும் ஒரே நாளில் செய்வதை மட்டும் சர்ஜனிடம் திரும்பக் கேளுங்கள். எழுபது தாண்டி, சர்க்கரையும் இருந்தால் இதயத்துக்கும் ரத்தக்கட்டிக்கும் ஆபத்து கூடும் என்பது அவருக்கே தெரியும். வெளிநாட்டு நோயாளி மறுபடி வரமாட்டார் என்று ஒரேயடியாக முடிக்கப் பார்ப்பார்கள். பலாலியிலிருந்து வருகிறவர் ஆறு மாதம் கழித்து இரண்டாவது காலுக்கு வரலாமே.

வல்லைவெளி எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏஜென்ட் தந்த காப்புறுதியின் முழுப் புத்தகத்தைக் கேட்டேன். மூன்று நாள் இழுத்தடித்துவிட்டு அனுப்பினார். 30 நாள், இந்தியாவுக்குள் மட்டும், அதே ஆஸ்பத்திரியில் மட்டும். அக்காவின் மச்சாளுடைய காகிதத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

வேறொரு நிறுவனத்துக்கு நேராக எழுதினேன். அவர்கள் 180 நாள் தருகிறார்கள், ஊருக்குத் திரும்பின பிறகு தொற்று வந்தால் சென்னைக்குத் திரும்பப் போகிற இரண்டு பேர் ரிக்கெட்டும், ஒரு எல்லைக்குள் ஹோட்டலும் உண்டு, ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் வைத்துப் பார்த்தால் இல்லை. ஒரு வருடம் கழித்து வந்தாலும் இல்லை. எச்.பி.ஏ.1.சி. கேட்டார்கள், அப்பாவுக்கு 8.6. அதை 7.5க்குக் கீழே கொண்டுவந்து அனுப்பினால்தான் தொற்றுக்கு உத்தரவாதம், இல்லாவிட்டால் தொற்றை விலக்கிவிட்டுத் தருகிறோம் என்றார்கள். தொற்றை விலக்கினால் பிறகு என்னத்துக்கு எடுப்பது? சர்ஜனும் அதே கணக்கைத்தான் சொன்னார். இரண்டு காலையும் பற்றிக் கேட்டவுடன், சொல்லிவைத்த மாதிரி "ஒவ்வொன்றாகச் செய்யலாம்" என்று உடனே ஒத்துக்கொண்டார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆகவே ஒப்பரேஷனை மூன்று மாதம் தள்ளிவிட்டோம். அம்மா சோற்றைக் குறைத்து ஒடியல் மாப் பிட்டு, குரக்கன் என்று மாற்றிக் கொடுக்கிறா, அப்பா ஒப்பரேஷனே வேண்டாம் என்கிற அளவுக்கு வெறுத்துப் போயிருக்கிறார். இடது கால் முதலில், இந்த 180 நாள் காப்புறுதியோடு. தெல்லிப்பழைத் தம்பி சொன்னபடி அதற்கு வெளியே வருவதற்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டேன். மாதிரிச் சான்றிதழ் நேற்று வந்தது. எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்து நான் சரி என்று சொன்ன பிறகு, அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வட்ஸ்அப்பில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போன் எடுத்துக் கேட்டார்: "தம்பி, இதிலே வலது கால் என்றல்லோ போட்டிருக்கு?"

கோடம்பாக்கத்துக்காரன் எழுதியது:

அப்பாவை எங்கள் பழைய டிபார்ட்மென்ட்டில் வேலைக்குச் சேர்க்கலாம் சார். இன்றைக்கே மெயில் போட்டுத் திருத்தின சான்றிதழ் வாங்கிவிடுங்கள், போனில் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். எஸ்டிமேட்டிலும் விசாவுக்கான மருத்துவமனைக் கடிதத்திலும் எந்தக் கால் என்று போட்டிருக்கிறது, அதையும் ஒருமுறை பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வல்லைவெளி எழுதியது:

பார்த்தேன். விசாக் கடிதத்தில் இன்னும் இரண்டு கால்.